போனவர்களும் இருப்பவர்களும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி, ஊரை விட்டுப் போவதைப் பற்றியோ போகாமல் இருந்துவிட்டதைப் பற்றியோதான் பேசின. ஆகவே இந்த இதழில் அவற்றுக்கு மட்டுமே இடம் ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி அவர்களுடைய பெயரும் ஊரும் வெளியிடப்படவில்லை.

கேள்வி: எந்தக் குடும்பத்தை எடுத்துக்கொண்டாலும் ஒருவராவது வெளிநாட்டில் இருக்கிறார். உலகத்தில் இனி யாருமே பிறந்த மண்ணில் இருக்கமாட்டார்கள் போலிருக்கிறது. மக்கள் ஏன் இப்படிக் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்கிறார்கள்?

பதில்: போகிறவரை வழியனுப்ப நாலு பேர் வருகிறார்கள், இருப்பவரை யாரும் கவனிப்பதில்லை. அதனால்தான் எல்லோரும் போய்விட்டதாகத் தோன்றுகிறது. ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டின்படி, 2024இல் தாம் பிறந்த நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 30 கோடியே 40 லட்சம் பேர். எண்ணிக்கை பெரியதுதான். ஆனால் உலக மக்கள்தொகையில் அது 3.7 விழுக்காடு, அதாவது நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. 1990இல் இது 2.9 விழுக்காடாக இருந்தது. முப்பத்து நான்கு ஆண்டுகளில், அதுவும் விமானமும் தொலைபேசியும் இணையமும் இவ்வளவு பெருகிய பிறகும், உயர்வு இவ்வளவுதான். நாட்டுக்குள்ளேயே ஊர் மாறியவர்கள் இதைவிட மிக அதிகம். ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் 2009ஆம் ஆண்டு அறிக்கை அவர்களை 74 கோடி என்று மதிப்பிட்டது.

இடப்பெயர்வைக் கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ராவன்ஸ்டைன். ஜெர்மனியில் பிறந்து இளம் வயதிலேயே லண்டனுக்குக் குடியேறியவர் என்பதால், தாம் எழுதியது எதைப் பற்றி என்பதை அவர் உடம்பாலும் அறிந்திருந்தார் என்று நினைக்கிறேன். பெரும்பாலோர் சிறிது தூரமே போகிறார்கள் என்பதும், ஒரு திசையில் மக்கள் பெருவாரியாகப் போனால் எதிர்த்திசையிலும் ஒரு சிறு ஓட்டம் உண்டாகும் என்பதும் 1885இல் அவர் கண்டு சொன்னவை. இரண்டும் இன்றும் பெரிதும் பொருந்துகின்றன.

ஏன் போகிறார்கள் என்று கேட்டால், கூலி வித்தியாசம் என்ற ஒரே விடையை எல்லோரும் சொல்வார்கள். அது மட்டுமே காரணமானால் உலகின் பரம ஏழைகள்தாம் மிக அதிகமாகக் கடல் கடந்திருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. போவதற்குப் பணம் வேண்டும், படிப்போ கைத்தொழிலோ வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக, போய் இறங்கும் இடத்தில் முதல் இரவு தங்க இடம் கொடுக்கும் ஓர் ஆள் வேண்டும். ஒருவர் போய் நிலைத்துவிட்டால் அவர் தம்பியும் மைத்துனரும் பக்கத்து வீட்டாரும் அதே தெருவுக்குப் போய்ச் சேர்வது இதனால்தான். ஊதியம் ஆசையைக் கிளப்பலாம். வழியைத் திறந்துவிடுவது தெரிந்த முகம்.

போருக்கும் வன்முறைக்கும் அஞ்சி வெளியேறியவர்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை. 2024இன் இறுதியில் அப்படி விரட்டப்பட்ட நிலையில் இருந்தவர்கள் 12 கோடிக்கும் அதிகம். அவர்களிலும் பெரும்பான்மையோர் தங்கள் நாட்டின் எல்லையைத் தாண்டவில்லை. அவர்களிடம் ‘ஏன் வந்தீர்கள்?’ என்று கேட்பவர், அவர்கள் விட்டுவந்த வீட்டை ஒரு நொடி கண்முன் கொண்டுவந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.

கேள்வி: எங்கள் பெற்றோருக்கு நாங்கள் நான்கு பிள்ளைகள். மற்ற மூவரும் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். வயதான பெற்றோருடன் நான் இருக்கிறேன். படிப்பில் நான் அவர்களுக்குக் குறைந்தவள் அல்ல. ஆனால் யாரைப் பார்த்தாலும் “நீ ஏன் போகவில்லை?” என்று கேட்கிறார்கள். அண்ணன் போனில் பேசும்போதெல்லாம், “நீ கொடுத்துவைத்தவள், அம்மா அப்பாவோடு இருக்கிறாய்” என்கிறான். எனக்குப் பதில் சொல்ல வாய் வருவதில்லை. நான் இருந்துவிட்டேனா, விடப்பட்டேனா என்றே எனக்குத் தெரியவில்லை.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் பல முறை படித்தேன். ஆராய்ச்சியாளர்களே மிகவும் தாமதமாகத்தான் அந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தார்கள். மக்கள் ஏன் போகிறார்கள் என்று நூறாண்டுக்கும் மேலாக எழுதிக் குவித்தவர்கள், ஏன் இருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கியது அண்மையில்தான். அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுகளில் ஆய்வு செய்த நார்வே அறிஞர் யோர்கன் கார்லிங், போக வேண்டும் என்ற விருப்பமும் போகும் திறனும் வெவ்வேறு என்று 2002இல் பிரித்துக் காட்டினார். அந்தத் தீவுகளில் போக ஏங்கியவர்கள் ஏராளம். விசா கிடைத்தவர்கள் சிலரே. ஆக, ஊரில் இருக்கும் எல்லோரும் ஊர்மேல் கொண்ட பற்றினால் இருக்கிறார்கள் என்று எண்ணுவது தவறு. வழியில்லாமல் தேங்கியவர்களும் அவர்களுள் உண்டு. அதே போல, வழியிருந்தும் விரும்பி இருப்பவர்களை, தேங்கிவிட்டவர்கள் என்று இரங்கிப் பேசுவதும் தவறு.

நீங்கள் இந்த இரண்டு வகையிலும் முழுமையாக அடங்கவில்லை. பிறர் போக முடிந்ததே உங்களைப் போல ஒருவர் இருந்ததனால்தான். 1985இல் ஓடெட் ஸ்டார்க், டேவிட் புளூம் என்ற இரு பொருளியலாளர்கள், இடப்பெயர்வு என்பது தனி ஆளின் முடிவு அன்று, பெரும்பாலும் குடும்பத்தின் முடிவு என்று வாதிட்டார்கள். விதை முழுவதையும் ஒரே வயலில் போடாத உழவரைப் போல, குடும்பம் தன் பிள்ளைகளை வெவ்வேறு இடங்களில் நிறுத்துகிறது. ஓரிடத்தில் வேலை போனால் இன்னோரிடத்திலிருந்து பணம் வரும். இந்த விளக்கத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதை அதன் முடிவு வரை கொண்டுபோக வேண்டும் என்றும் நினைக்கிறேன். மூவரை அனுப்பியது குடும்பத்தின் முடிவு என்றால், ஒருவரை நிறுத்திக்கொண்டதும் அதே முடிவுதான். மற்றவர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்த நாளில் உங்களுக்கும் ஒரு பணி ஒதுக்கப்பட்டது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, உங்களைக் கேட்கவும் இல்லை. உங்கள் மனத்தை உறுத்துவது ஊரில் இருப்பது அன்று, கேட்கப்படாமல் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பை நினைத்துப் பாருங்கள். அம்மாவின் முகம் திரையில் தெளிவாக, ஆடாமல் தெரிகிறது. மூன்று நாடுகளிலிருந்தும் மூன்று பிள்ளைகள், “அம்மா நன்றாக இருக்கிறார்” என்று மகிழ்கிறார்கள். அந்த முகம் ஆடாமல் தெரிவதற்குக் காரணம், போனைப் பிடித்திருக்கும் கை ஆடாமல் இருப்பது. அந்தக் கை படத்தில் வருவதில்லை. அரைமணி நேரம் தோள் வலிக்க அப்படிப் பிடித்திருந்துவிட்டு, அழைப்பு முடிந்ததும் அந்த வார மாத்திரைகளைக் காலை, மாலை, இரவு என்று பிரித்து வைக்கப் போகும் கையும் அதுவே.

உங்கள் அண்ணன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ‘கொடுத்துவைத்தவள்’ என்று அவர் சொல்வதில் அவருடைய ஏக்கமும் இருக்கும். ஆனாலும் அடுத்த முறை மௌனமாக இருக்காதீர்கள். ஆண்டுக்கு ஒரு மாதம் மூவரில் ஒருவர் முறை வைத்து வந்து, விருந்தாளியாக அல்லாமல், உங்கள் வேலையை முழுவதுமாகச் செய்யட்டும் என்று கேளுங்கள். உங்கள் தன்மானம் இடம் கொடுக்காது என்பதற்காகக் கேட்காமல் இருந்துவிடாதீர்கள். அவர்கள் அனுப்பும் பணத்துக்கு இருக்கும் மரியாதை உங்கள் உழைப்புக்கும் உண்டு.

இன்னொன்றை உங்களிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். நாளையே இந்தப் பொறுப்பு இல்லை என்றானால் நீங்கள் போவீர்களா? ஆம் என்று மனம் சொன்னால், உங்கள் வருத்தம் நியாயமானது, அதை மறைக்க வேண்டியதில்லை. எந்த வயதிலும் செய்யக்கூடிய ஒரு சிறிய பயணத்திலிருந்து, ஒரு படிப்பிலிருந்து தொடங்குங்கள். இல்லை, அப்போதும் இங்கேயே இருப்பேன் என்று சொன்னால், நீ ஏன் போகவில்லை என்பவர்களுக்கு விளக்கம் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். “இது என் ஊர், இருக்கிறேன்” என்பது முழுமையான பதில்.

கேள்வி: எனக்கு வெளிநாட்டில் வேலை வாங்கித்தர உறவினர் ஒருவர் முன்வந்திருக்கிறார். எனக்கு விருப்பமில்லை. வீட்டில் என்னைக் கோழை என்கிறார்கள். போகாமல் இருப்பது கோழைத்தனமா?

பதில்: இல்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தில் 13ஆவது உறுப்பு, எந்த நாட்டையும் விட்டு வெளியேறவும் தம் நாட்டுக்குத் திரும்பவும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்கிறது. உரிமை என்றுதான் அதில் இருக்கிறது, கடமை என்று இல்லை. இருப்பினும் உங்கள் மறுப்புக்கு என்ன காரணம் என்பதை நீங்கள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். எவரெட் லீ என்ற அறிஞர் 1966இல் சுட்டியதைப் போல, இருக்கும் இடத்தின் நிறைகுறைகளை நாம் பல்லாண்டுப் பழக்கத்தால் அறிகிறோம். போகும் இடத்தைப் பற்றி நமக்குத் தெரிவது அரைகுறையே. தெரியாததைப் பார்த்து வரும் தயக்கமும், தெரிந்ததன் மேல் உள்ள பிடிப்பும் வெளித்தோற்றத்துக்கு ஒன்றுபோலவே இருக்கும். அங்கே அதே வேலையில் இருக்கும், உங்கள் உறவினர் அல்லாத இரண்டு பேரிடம் பேசிவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நான் இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. குடியுரிமையும் பெற்றுவிட்டேன். ஆனாலும் இங்கே “நீங்கள் எங்கிருந்து வந்தவர்?” என்கிறார்கள். பிறந்த ஊருக்குப் போனால் “எப்போது திரும்பிப் போகிறீர்கள்?” என்கிறார்கள். எது என் இடம்?

பதில்: நம் மொழியில் ‘எந்த ஊர்?’ என்பது ஒரு கேள்வி, ‘எங்கே இருக்கிறீர்கள்?’ என்பது வேறொரு கேள்வி. இரண்டுக்கும் ஒரே விடை இருக்க வேண்டும் என்று மொழி நம்மைக் கட்டாயப்படுத்தியதே இல்லை. சங்கப் பாடல்களிலேயே ‘புலம்பெயர் மாக்கள்’ என்ற தொடர் இருக்கிறது; அவர்கள் ‘கலந்து இனிது’ உறைந்ததாகத்தான் அந்தப் பாடல் சொல்கிறது. தம் ஊரை மறந்து உறைந்ததாகச் சொல்லவில்லை. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும் என்ற நெருக்கடியிலிருந்து முதலில் விடுபடுங்கள்.

ஆனால் இது உங்கள் மனத்தைத் தேற்றப் போதாது என்று எனக்குத் தெரியும். எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நானும் பிறந்த ஊரை விட்டு வந்து பல ஆண்டுகளானவன். ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தபோது படிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டேன். நிரந்தர முகவரி என்ற இடத்தில், நான் கால்வைத்துப் பல ஆண்டுகளான, பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டின் முகவரியைப் பழக்கத்தால் எழுதினேன். அடுத்த வரியில், அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர் யார் என்று இருந்தது. தம்பியின் எண்ணை எழுதினேன். படிவத்தை வாங்கிப் பார்த்த செவிலியர், “இவர் அரைமணி நேரத்தில் இங்கே வர முடியுமா?” என்று கேட்டார். தம்பி வந்து சேர ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். நான் அந்த எண்ணை அடித்துவிட்டு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தேன். பிறகு மேல்மாடியில் குடியிருப்பவரின் எண்ணை எழுதினேன். அவருடைய முழுப்பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. போன் செய்து கேட்டேன். அவர் பெயரைச் சொல்லிவிட்டு, “எத்தனை மணிக்கு வர வேண்டும்?” என்றார், வேறெதுவும் கேட்கவில்லை.

குடியுரிமைச் சான்று உங்களை அந்த நாட்டிலிருந்து யாரும் எளிதில் வெளியேற்ற முடியாதபடி காக்கிறது. அதன் அருமையை, அது இல்லாதவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த இரண்டாவது வரியில் உள்ளூர் எண் ஒன்றை எழுத முடிகிறதா என்பது சான்றிதழால் வருவதன்று. அதைவிடவும் முக்கியமானது, அந்த ஊரில் யாராவது தம் படிவத்தில் உங்கள் எண்ணை எழுதுவார்களா என்பது. பிறருக்கு நாம் உதவத் தொடங்கிய பிறகுதான் ஓர் ஊரில் நமக்குப் பிடி கிடைக்கிறது. பதினான்கு ஆண்டுகளில் நீங்கள் எத்தனை பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் மருத்துவமனையில் விட்டிருக்கிறீர்கள், எத்தனை பேரின் குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்து வந்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதைச் சொல்லும்போதே, பொறுப்பு முழுவதையும் வந்தவர் தலையில் கட்டுவது எனக்கு உடன்பாடில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒட்டுறவு ஒருதலையாக வளராது. பதினான்கு ஆண்டுகள் வரி கட்டி, வேலை செய்து, அதே தெருவில் நடந்த ஒருவரிடம் இன்னும் “எங்கிருந்து வந்தவர்?” என்று கேட்பவர்கள், அக்கறையினால் கேட்டாலும், ஒவ்வொரு முறையும் அவரை வாசலுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். அந்தக் கேள்விக்கு நீங்கள் இப்போது குடியிருக்கும் தெருவின் பெயரைப் பதிலாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: படிப்புக்காக வீட்டை விட்டு வந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டு நினைவாகவே இருக்கிறது. இது ஒரு நோயா?

பதில்: ஒரு காலத்தில் நோய் என்றே கருதினார்கள். 1688இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவ மாணவர், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் அளித்த ஆய்வேட்டில், வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து ‘நாஸ்டால்ஜியா’ என்ற பெயரையே உருவாக்கினார். வெளிநாடுகளில் கூலிப்படையாகப் போன சுவிஸ் வீரர்களுக்கு இது பெரிய உபத்திரவமாக இருந்ததாம். இன்று யாரும் இதை நோய் என்று சொல்வதில்லை. ஆனால் பசியும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டுப்போயிருந்தால், கல்லூரியின் ஆலோசகரையோ மருத்துவரையோ தயங்காமல் பாருங்கள். அப்படி இல்லையென்றால், வீட்டுக்குப் பேசும் நேரத்தை நாளுக்கு ஒரு முறை என்று வரையறுத்துக்கொண்டு, மீதி மாலைப் பொழுதுகளில் அறையை விட்டு வெளியே இருங்கள். புதிய இடத்தில் தூக்கம் அறையில் வரும். பழக்கம் அறைக்கு வெளியேதான் வரும்.

கேள்வி: முப்பது ஆண்டுகள் வெளிநாட்டில் உழைத்தாயிற்று. அடுத்த ஆண்டு பணி ஓய்வு. பிறந்த ஊருக்கே திரும்பிவிட வேண்டும் என்பது எனக்கு நீண்ட நாள் ஆசை. மனைவி தயங்குகிறார். திரும்பிப் போனவர்கள் சிலர் மறுபடியும் வந்துவிட்டதையும் பார்க்கிறேன். உங்கள் கருத்து என்ன?

பதில்: ஆல்ஃபிரட் ஷூட்ஸ் என்ற சமூகவியல் அறிஞர் வியன்னாவில் பிறந்து, நாஜிகளின் கொடுமையால் வெளியேறி, 1939இல் நியூயார்க் போய்ச் சேர்ந்தவர். வீடு திரும்புகிறவர்களைப் பற்றி 1945இல் அவர் எழுதிய கட்டுரை, கிரேக்கக் காவிய நாயகன் ஒடிஸியஸின் கதையோடு தொடங்குகிறது. இருபது ஆண்டுத் துன்பத்துக்குப் பின் ஒடிஸியஸ் தன் தாய்நாடான இத்தாக்காவின் கரையில் கண்விழிக்கிறான். தான் இருப்பது எந்த இடம் என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்நிய நாட்டுக்குப் போகிறவர் எல்லாம் புதிதாக இருக்கும் என்று தெரிந்தே போகிறார். திரும்பி வருகிறவரோ எல்லாம் பழையபடி இருக்கும் என்று நம்பி வருகிறார். ஊரும் மாறியிருக்கிறது, அவரும் மாறியிருக்கிறார். போன இடத்தைவிடத் திரும்பிய இடம் சிலரை அதிகமாகத் திகைக்க வைப்பது இதனால்தான்.

நீங்கள் திரும்பிப் போக விரும்புவது ஓர் ஊருக்கா, ஒரு வயதுக்கா என்று பொறுமையாக யோசித்துப் பாருங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களில் எத்தனை பேர் இன்று அங்கே இருக்கிறார்கள்? உங்கள் மனைவியின் தயக்கத்தையும் பிடிவாதம் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் சொந்த ஊர் என்று நினைப்பது அவர் பிறந்த ஊரும் அன்று என்று உங்கள் கடிதத்தின் வேறொரு பகுதி சொல்கிறது. அவர் ஒருமுறை உங்களுக்காக ஊரை விட்டவர். இப்போது தம் தோழிகளையும் மருத்துவரையும் நடந்து பழகிய பூங்காவையும் மறுபடியும் விடச் சொல்கிறீர்கள்.

இவ்வளவு சொன்னாலும் போகாதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். திரும்பிப் போய் நிறைவாக வாழ்கிறவர்களை நான் அறிவேன். அவர்கள் யாரும் முதல் ஆண்டிலேயே வெளிநாட்டில் இருந்த வீட்டை விற்றுவிடவில்லை. ஆகவே ஆறு மாதம் போய் இருந்து பாருங்கள். உறவினர்கள் கூடும் விடுமுறைக் காலத்தில் போகாதீர்கள். எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிற, யாரும் உங்களைப் பார்க்க வராத சாதாரண மாதங்களில் போங்கள். வாடகை வீட்டில் இருங்கள். மின்சாரக் கட்டணம் கட்டுவதையும், வங்கியில் வரிசையில் நிற்பதையும், இரவில் காய்ச்சல் வந்தால் மருத்துவரைத் தேடுவதையும் பிறர் உதவியின்றி நீங்கள் இருவருமே செய்யுங்கள். நான்காவது மாதம் ஒரு மாலையில், இருவரும் தனித்தனியே, ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், இங்கேயே இருக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு தாளில் விடை எழுதுங்கள். இரண்டு தாள்களும் என்ன சொல்கின்றன என்பதை எனக்கும் எழுதுங்கள்.